பெட்டிகள் போதும்: மலையகப் பிள்ளைகளுக்கு உதவும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

டொரொன்டோ, இலண்டன், பாரிஸ், சிட்னி, சென்னை ஆகிய நகரங்களில் இயங்கும் நலன்புரிச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் கோயில் அறக்கட்டளைகளுக்கும்,

அன்புடையீர்,

வணக்கம். கார்த்திகை, மார்கழியில் உங்கள் செயற்குழுக்கள் கூடி அடுத்த ஆண்டுக்கான உதவிப் பணத்தைப் பங்கிடுவது வழக்கம். அதற்கு முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று விரும்பினோம். இலங்கை மலையகத்தின் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் வாசிப்பறைகளையும் மாலை வகுப்புகளையும் நடத்தி, பெரியவர்களின் கதைகளையும் பதிவுசெய்து வரும் ஆசிரியர்களும் தொண்டர்களும் சேர்ந்து எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். பொருள் அனுப்புவதைக் குறைத்து ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். அதையும் ஒரு முறை கொடுத்துவிட்டு விட்டுவிடாமல் மூன்று ஆண்டுகளுக்குக் கொடுங்கள். சில இடங்களில் பேச்சு காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டிகள். நீங்கள் கடல்வழியாக அனுப்பும் பெட்டியைத் திறந்தால் பாதிக்குமேல் யாரும் வாசிக்காதவை: பழைய வார இதழ்கள், காலாவதியான கணினி வழிகாட்டிகள், வீட்டில் இடம் அடைத்துக்கொண்டிருந்த பக்தி நூல்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் கிறுக்கி முடித்த பயிற்சிப் புத்தகங்கள். பாடநூல் 1980 முதல் இலவசம், சீருடைத் துணி 1993 முதல் இலவசம். ஆகவே அவற்றை வாங்கி அனுப்ப வேண்டியதில்லை. கையைக் கடிப்பது சப்பாத்தும் புத்தகப்பையும் கொப்பியும் பஸ் காசும். இவை எல்லாம் ஹட்டன், பண்டாரவளை போன்ற மலையக நகரங்களிலேயே கிடைக்கின்றன. அங்கே வாங்கினால் அனுப்பும் கூலி மிச்சம், அளவு சரியில்லாத சப்பாத்தை மாற்றிக்கொள்ளவும் முடியும். 2022 நெருக்கடியில் மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாமல் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அப்படி ஒரு காலம் வந்தால் கொப்பி அனுப்புங்கள், நாங்களே கேட்போம்.

பெட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமும் பொதியும் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும். அங்கிருந்து யார் கையில் எப்போது சேரும் என்பது அன்றைய நல்ல நேரத்தைப் பொறுத்தது. பரீட்சை அனுமதி அட்டையே பிந்தி வந்த கதைகள் உண்டு. எதை அனுப்புவதாக இருந்தாலும் பாடசாலை முகவரிக்கோ டவுனில் ஒப்புக்கொண்ட கடை முகவரிக்கோ அனுப்புங்கள்.

கட்டிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்கொடையாளர்களுக்குக் கட்டிடம் என்றால் ஆசை. பெயர்ப்பலகை மாட்டலாம், நாடா வெட்டலாம். ஆனால் தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், 1992க்குப் பிறகு அது பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்தில் இருக்கிறது. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கவே நெடுங்காலம் சட்டம் இடம் தரவில்லை. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. தோட்ட முகாமையாளரான பெரியதுரை வாயால் சொன்ன அனுமதியை நம்பி வாசிகசாலை கட்டினால், அவர் இடம் மாறிப் போனதும் புதியவர் அதைச் சாமான் அறையாக்கிப் பூட்டுப் போடலாம், கேட்பதற்கு உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. கம்பனியின் கடிதத்தாளில், எந்த இடம், எத்தனை ஆண்டு, யார் பொறுப்பு என்று எழுதி வாங்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். கோயில் மடம், சனசமூக நிலையம், பிள்ளைக் காம்பரா (பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) என்று இருக்கிற இடத்தைப் பிற்பகலில் பயன்படுத்துவதே எங்களுக்கு விருப்பம். அங்கும் நிருவாகத்துக்கும் தோட்டத் தலைவர்மாருக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டுத்தான் தொடங்குவோம். தொழிற்சங்கங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாத் தலைவர்களுக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவரின் ஆட்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். சின்ன விசயம்தான், ஆனால் வாசிப்பறைகள் மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஆள். ஒரு வாசிப்பறை ஓடுவதற்குப் பத்து அலுமாரியை விட ஒரு அக்கா முக்கியம். அதே தோட்டத்தில் உயர்தரம் முடித்து, வேலை தேடிக் கொழும்புக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண்ணோ பையனோ இருப்பார். அவருக்கு வாரத்தில் மூன்று பிற்பகல், ஆண்டில் நாற்பது வாரம் என்று நிலையான சம்பளம் கொடுத்தால் வாசிப்பறை நிற்கும். தொண்டு என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்கினால் மூன்றாம் மாதம் கொழும்பு பஸ் ஏறிவிடுவார், அவரைக் குறைசொல்ல முடியாது. எங்கள் பரிந்துரை இது: நீங்கள் தரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஐம்பது ஆளுக்கு, இருபது புத்தகத்துக்கும் அச்சுக்கும், பதினைந்து போக்குவரத்துக்கு, பத்து அலுமாரி, மின்விளக்கு, பழுதுபார்ப்புக்கு, ஐந்து கணக்குக்கும் வங்கிச் செலவுக்கும். “நிருவாகச் செலவுக்கு ஒரு சதமும் இல்லை, எல்லாம் பிள்ளைகளுக்கே” என்று விளம்பரம் செய்யும் சங்கங்களைப் பார்த்தால் எங்களுக்குப் பயம். கணக்கு எழுத ஆள் இல்லாத இடத்தில் கணக்கும் இருக்காது.

நேரத்தை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். பாடசாலை 1.30க்கு விடும். தூரத்துப் பிள்ளைகள் வீடு வந்துசேர மூன்று மணி ஆகிவிடும். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அம்மாமார் வீட்டுக்கு வரும்போது ஐந்து மணி. ஞாயிறு காலையில் கோயிலில் அறநெறி வகுப்பு, சேர்ச்சில் பூசை. வார இறுதியில் சனி பிற்பகல்தான் சரிவரும். ஐந்து முதல் பத்து வயது வரை இருபத்தைந்து பிள்ளைகளுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கதை சொன்னால் மற்றவர் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் பக்கத்தில் இருப்பார். ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் கதை கேட்பது, பதினைந்து நிமிடம் பிள்ளைகளே அதைத் திருப்பிச் சொல்வது, மிச்சம் வரைவதும் எழுதுவதும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் பெற்றோர் இதையும் டியூசன் வகுப்பாக மாற்றச் சொல்லி நெருக்குவார்கள். அதற்கு இடம் கொடுத்தால் வாசிக்கத் தெரியாத பிள்ளைதான் முதலில் நின்றுவிடும்.

புத்தகத்தைத் தின்பது இங்கே ஈரம். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துக்குத் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. பதுளைப் பக்கத்துக்கு வடகீழ் மழை வருட முடிவில். ஆகவே எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே மாதத்தில் புத்தகம் கொடுக்கும் திட்டம் சரிவராது. மேற்குச் சரிவுக்கு ஜனவரி முதல் மார்ச், பதுளை இருக்கும் ஊவாவுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் நல்லது. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. நாலு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து செங்கல் உயரம் தூக்கி வைக்க வேண்டும். தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போனால் உள்ளே வேர்த்துப் புத்தகம் முழுவதும் பூஞ்சணம் பிடித்திருக்கும். வாரத்தில் இரண்டு தரம் திறந்து காற்றாட விட வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வைக்கலாம். பூச்சி உருண்டை பிள்ளைகள் கைபடும் இடத்தில் வேண்டாம். பூஞ்சணம் வந்த புத்தகத்தை ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். வெயில் நாளில் வெளியே நிழலில், மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த மென்தூரிகையால் தட்ட வேண்டும்.

வாங்குவதைவிட அச்சிடுவது பல சமயம் இலாபம். இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் இலவசமாக இறக்கி, அச்சிட்டு, சொற்களை மாற்றியும் கொள்ளலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. பதினாறு பக்கச் சிறு புத்தகத்துக்கு நாலு ஏ4 தாள் போதும், இருபுறமும் அச்சிட்டு நடுவில் மடிக்க வேண்டும். ஐம்பது பிரதிக்கு இருநூறு தாள். மை தெளிக்கும் அச்சுப்பொறியில் அடித்தால் ஈரக் கை பட்டதும் எழுத்து கலங்கும். லேசர் அச்சோ போட்டோக் கொப்பியோதான் தாங்கும். ஸ்டேப்பிளர் பின் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். முதுகில் மூன்று துளை போட்டுத் தடித்த நூலால் தைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். இந்தத் தையலைத் தரம் 7 பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

இனி எங்களுக்கு நெஞ்சுக்கு நெருக்கமான வேலைக்கு வருகிறோம்: பெரியவர்களின் கதைகளைச் சேர்ப்பது. இந்த மக்களின் வரலாறு முழுவதுமே இடம்பெயர்வுதான். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தலைமன்னார் கடந்து, மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 2023இல் அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைந்து அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்ததை நீங்களும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தமிழ்நாட்டுக் கூடலூரில், தங்கை மலையகத்து நோர்வூட்டில் என்று குடும்பம் இரண்டானது. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களில் தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். அங்கிருந்தும் போர் துரத்த, தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்கள் உண்டு. இன்று அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில், பிள்ளை அம்மாயியோடு லயத்தில். ஒரே வீட்டில் நாலு தலைமுறைப் புறப்பாடு இருக்கிறது, பிள்ளைக்கு அதில் ஒன்றும் முழுதாகத் தெரியாது. சொல்லத் தெரிந்தவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அதனால்தான் இந்த வேலை அவசரம் என்கிறோம்.

பதிவுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். நல்ல கைபேசி ஒன்று, சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்று, 32 ஜிபி அட்டை இரண்டு. சாதாரண ஒலிப்பதிவுச் செயலி ஒலியைச் சுருக்கித்தான் சேமிக்கும். டபிள்யூ.ஏ.வி. வடிவில், 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்று அமைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 346 எம்பி. இருபது பெரியவர்கள், ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 14 ஜிபிக்குள் அடங்கிவிடும். கோப்பை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள், தரம் போய்விடும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில். மண்சரியும் நாட்டில் மூன்றையும் ஒரே அலுமாரியில் வைப்பவர்களுக்கு என்ன சொல்வது!

கருவியைவிட இடமும் நேரமும் முக்கியம். தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த ஒலிவாங்கியும் உதவாது. பிற்பகல் மழைக்கு முன், காலையில், தொங்கல் காம்பராவில் வைத்துக்கொள்வது நல்லது. அது லயத்தின் ஓரம், ஒரு பக்கச் சத்தம் குறைவு. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நாடகத்தைப் பணிவாகக் கேட்டு நிறுத்த வேண்டும். முதல் சந்திப்பில் பதிவே வேண்டாம், தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை பழைய கடதாசிகளோடு உட்காருங்கள். பற்றுச்சீட்டு, கடவுச்சீட்டு, விண்ணப்ப நகல், கல்யாணப் படம் எதையாவது கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும். “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். “பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழும்புவீங்க, யார் தப்பு அடிச்சது” என்று கேட்டால் மதியம் வரை போகும். (பெரட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்; தப்பு, அதற்கு அழைக்கும் பறை.)

வேலைநாளில் பதிவுசெய்தால் அவருக்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது. கதை சொல்பவருக்கு அன்று நடப்பில் இருக்கும் நாட்சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், ஓய்வு பெற்றவருக்கும் அதே. கதைக்குக் காசா என்று கேட்கும் கொடையாளர்கள், மண்டபத்தில் பேச வரும் பேராசிரியருக்குக் கொடுப்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

ஒப்புதல்தான் பலரும் தவறும் இடம். கையெழுத்துப் படிவத்தை நீட்டினால், குடியுரிமைக்காக எத்தனையோ படிவத்தில் பெருவிரல் ஒற்றி ஏமாந்த தலைமுறை அது, பயப்படும். படிவத்தை வாசித்துக் காட்டி, சம்மதத்தையும் குரலிலேயே பதிவின் தொடக்கத்தில் வாங்குங்கள். மூன்று தெரிவு கொடுங்கள்: குடும்பத்துக்கு மட்டும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும், எல்லோருக்கும். ஒரு வாரம் கழித்துப் போய்த் திரும்பவும் கேளுங்கள். அவருக்குப் பின் யார் தீர்மானிப்பது என்பதையும் கேட்டு எழுதுங்கள். வன்செயல் நாளில் வீட்டை எரித்தவரின் பெயர், சாதி, கடன், இப்போதிருக்கும் துரைமாரைப் பற்றிய குறை எல்லாம் பேச்சில் வரும். பேசுகிறவர் இன்றும் கம்பனி வீட்டில் குடியிருக்கிறார் என்பதை மறந்து இணையத்தில் ஏற்றிவிட்டால், லைக் உங்களுக்கு, தொல்லை அவருக்கு. ஆவணப் படங்களில் இலக்கங்களை மறைக்காமல் வெளியிட வேண்டாம்.

பணம் பெரும்பாலும் போவது பதிவுக்குப் பிறகுதான், இதைக் கொடையாளர்கள் நம்ப மறுக்கிறார்கள். தோட்டத்துப் பேச்சு வழக்கில் ஒரு மணி நேரத்தை எழுத்தாக்க 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். நாற்பது மணி நேரப் பதிவு என்றால் 320 மணி நேரம் வரை தட்டச்சு, ஒருவர் முழுநேரமாகச் செய்தாலும் எட்டு வாரம். இதற்குக் காசு ஒதுக்காத திட்டங்களின் ஒலிக்கோப்புகள் யாருடைய மடிக்கணினியிலோ கிடந்து அழிகின்றன. எழுத்தானதும் பெரியவரிடம் வாசித்துக்காட்டி, திருத்தி, அதிலிருந்து நூறு நூற்றைம்பது சொல்லில் பிள்ளைகளுக்கான கதை ஒன்றை எடுத்து, பிள்ளைகளே படம் வரைந்து, மேலே சொன்ன தையல் புத்தகமாக்கலாம். முதல் பிரதி கதை சொன்னவர் வீட்டுக்கு. எல்லோருக்கும் என்று சம்மதித்தவற்றை 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்திடம் ஒப்படைப்பது பற்றிப் பேசலாம். கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்தில் இருக்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் உங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

காமன் கூத்தைப் படம்பிடிக்க உதவித்தொகை தரும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. மன்மதன் எரிந்த கதையை ஆடும் கூத்து அது, மாசியில் பிறை பார்த்துக் கம்பம் ஊன்றி விரதத்தோடு நடப்பது. ஆகஸ்டில் நீங்கள் விடுமுறைக்கு வரும் வாரத்தில் ஆடிக்காட்டச் சொல்லாதீர்கள். கோயில் கமிட்டியிடம் முன்கூட்டிக் கேட்டு, உடுப்புக்கும் தப்பு வாங்கவும் கொடுப்பதே பெரிய உதவி.

கணக்கு வழக்கு. அரசாங்கப் பாடசாலைக்குக் கொடுப்பதாக இருந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டு கேளுங்கள். அதிபரின் சொந்தக் கணக்கு வேண்டாம், அவர் நல்லவராக இருந்தால் அவருக்கே அது சங்கடம். கொடுத்த பொருள் பொருட்பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். ஏறாத பொருள் அதிபர் மாறும்போது காணாமல் போகும். வெளியார் வகுப்பெடுக்க வலயக் கல்விப் பணிமனையின் எழுத்து அனுமதி வேண்டும். வாசிப்பறைக்கு என்றால் மூவர் கையெழுத்திடும் கணக்கு, அதில் ஒருவராவது அதே தோட்டத்துப் பெண். பணத்தைத் தவணைக்கு ஒரு தரம், முந்திய தவணைக் கணக்கைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று கேட்கிறீர்கள். தருகிறோம், தைத்த புத்தகத்தின் படம், வருகைப் பதிவேட்டின் படம். பொதியைப் பிடித்து வரிசையில் நிற்கும் பிள்ளையின் முகம் மட்டும் வேண்டாம். அந்தப் பிள்ளை பத்து வருடத்தில் உங்கள் முகநூல் பக்கத்தைத் தேடிப்பிடிக்கும்.

அனர்த்த காலத்துக்கும் சிறிது ஒதுக்கி வையுங்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் குடும்பங்கள் பாடசாலைகளில்தான் தங்கின. வகுப்பறை முகாமாகும்போது நூலக அறையைத்தான் முதலில் ஒழிப்பார்கள். புத்தகங்கள் தாழ்வாரத்தில் நனையும். அன்று தேவைப்படுவது நீர் புகாத பெட்டி ஒன்று, பிறப்புச் சான்றிதழ் நகல் எடுக்கவும் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய்வரவும் காசு, முகாமிலேயே பின்னேரம் கதை சொல்ல இரண்டு ஆள். இவற்றுக்கு முன்பணம் கையில் இருந்தால் மூன்றாம் நாளே தொடங்கலாம். உங்கள் செயற்குழு கூடித் தீர்மானித்து அனுப்பும்போது முகாமே கலைந்திருக்கும்.

பதில் எழுதும் சங்கங்கள் மூன்று விடயத்தைக் குறிப்பிடுங்கள்: எந்தத் தோட்டம் அல்லது எந்தப் பாடசாலை, ஆண்டுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு. ஓராண்டு மட்டும்தான் முடியும் என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள், அந்தப் பணத்தை அச்சுக்கும் அலுமாரிக்கும் வைத்துக்கொள்வோம், ஆளை நியமிக்க மாட்டோம். மேற்குச் சரிவுத் தோட்டங்களுக்கான முதல் தவணை ஜனவரி நடுப்பகுதிக்குள் வந்தால் மழைக்கு முன் புத்தகம் தைத்து முடிக்கலாம்.

இப்படிக்கு,
மலையகத் தோட்ட வாசிப்பறைகளின் ஆசிரியர்களும் தொண்டர்களும்